எதற்கும் இருக்கட்டும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளிலிருந்து பெற்றோர் இல்லங்களில் மிகுதியாக ஒலிக்கும் சொல் எதுவென்று எவரேனும் கணக்கெடுப்பாராயின், அது 'எதற்கும் இருக்கட்டும்' என்பதாகவே இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறோம். எதற்கும் இருக்கட்டும் என்று சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பத்துப் பத்துப் படிகள் எடுத்து வைக்கிறோம். ஓரிடத்தில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, வேறோர் இடத்தின் கதவு திறக்குமா என்று வாயிலில் நிற்கிறோம். தமிழ்த்துறை மலர்க் குழுவினர், கல்லூரிச் சேர்க்கை குறித்துப் பெற்றோர் ஒருவரின் எண்ணமாகச் சில பக்கங்கள் எழுதித் தருமாறு கேட்டபோது, இந்த ஒரு சொல்லைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றிற்று.

நாம் கல்லூரியில் பயின்றவரல்லர். அச்சுக்கோப்பவராய் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் சிறியதோர் அச்சகத்தைச் சொந்தமாக நடத்தி வருகிறோம். திருமண அழைப்பிதழ்களுக்கும் பிறருடைய மலர்களுக்கும் மெய்ப்புத் திருத்தியே தமிழ் கற்றோம். ஆசிரியப் பெருமக்கள் வீற்றிருக்கும் அவையில் நாம் பேசத் துணிவது, இரு பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்த பட்டறிவு ஒன்றைக் கொண்டே.

மூத்தவன் பள்ளிப்படிப்பை முடித்தது 2012-ஆம் ஆண்டில். அப்போது பாடத்துக்கு 200 வீதம் மொத்தம் 1200 மதிப்பெண். 1984 முதல் நடந்துவந்த நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நீங்கியிருந்தமையால், பொறியியல் சேர்க்கைக்குப் பள்ளித் தேர்வு ஒன்றே அளவுகோல். கணக்கில் பெற்றதை நூற்றுக்கும், இயற்பியலிலும் வேதியியலிலும் பெற்றதை ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கிக் கூட்டினால் வருவதே தகுதி மதிப்பெண். 'கட் ஆஃப்' என்றால்தான் ஊரில் புரியும். அவன் கணக்கில் 172, இயற்பியலில் 170, வேதியியலில் 171 பெற்றிருந்தான்; ஆக 171.25. அந்தக் கால் மதிப்பெண் என்ன செய்துவிடும் என்று நம் துணைவியார் கேட்டார். தரவரிசைப் பட்டியலில் அக்காலுக்குள் பல நூறு பிள்ளைகள் நெருங்கி நிற்பர் என்பதை அப்போது நாமும் அறிந்திருக்கவில்லை.

கலந்தாய்வு கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம் என்றார்கள். ஓரிரவு முழுவதும் பயணம் செய்து விடியற்காலையில் இறங்கினோம். மரத்தடியெங்கும் நம்மைப் போன்றோரே: கையில் நெகிழிப்பை, அதனுள் சான்றிதழ்கள், தந்தையர் முகத்தில் தூக்கமின்மை, பிள்ளைகள் முகத்தில் தந்தையரைப் பற்றிய அச்சம். கூடத்தின் திரையில் கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக மீதமுள்ள இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகன் கட்டடப் பொறியியலை விரும்பினான். அரசுக் கல்லூரி ஒன்றைக் குறித்து வைத்திருந்தான். காலையில் அங்கே மூன்று இடங்கள் இருந்தன. தேநீர் குடித்துவிட்டு வந்தபோது இரண்டு. நம் முறைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில் ஒன்று. பின்னர் அந்த வரியில் சுழியம் தோன்றிற்று. அவன் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த பட்டியலில் அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தான்.

உள்ளே மாணவரோடு ஒருவர் மட்டுமே செல்லலாம். கணினியின் முன் அமர்ந்திருந்த அலுவலர், "உறுதிதானா தம்பி? ஒருமுறை அழுத்திவிட்டால் மாற்ற இயலாது" என்று இருமுறை கேட்டார். தனியார் கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியல் கிடைத்தது. நம் குடும்பத்தில் பட்டப்படிப்பை எட்டிய முதல்வன் அவனே. ஆதலின் 2010-11 முதல் நடைமுறையிலிருந்த முதல் பட்டதாரிச் சலுகையால் கல்விக் கட்டணத்தின் சுமை குறைந்தது. ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் இன்று பணிபுரிகிறான். கட்டடப் பொறியியலைப் பற்றி அவன் பிறகு பேசியதில்லை.

அன்று திரையில் கண்ட சுழியம் ஒரு மறுப்புத்தான். ஆயினும் அது பலர் அறியக் கண்முன்னே நிகழ்ந்த மறுப்பு. நமக்கு முன்னே சென்றவருக்கு நம்மினும் மிகுந்த மதிப்பெண் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. எவரிடமும் பரிந்துரைக் கடிதம் வாங்கவில்லை. எவரையும் வீட்டில் சென்று காணவில்லை. அச்சகக்காரனின் மகனும் ஆட்சியரின் மகனும் ஒரே திரையைத்தான் பார்த்தாக வேண்டும். ஒற்றைச் சாளர முறையில் குறைகள் பல இருக்கலாம். எனினும் எளியவருக்கு அது தந்த மானம் பெரிது என்பதே நம் கருத்து.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். 'நமக்குக் கிடைப்பது மூன்றரை விழுக்காடுதானே' என்னும் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். நூறு இடங்களில் 31 பொதுப் போட்டிக்குரியவை. எஞ்சிய 69-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் இனத்தவருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அம்மூன்றரை 2007-ஆம் ஆண்டில் பிற்படுத்தப்பட்டோருக்குரிய முப்பதிலிருந்து தனியே பிரித்து வைக்கப்பட்டது. ஆனால் அது எல்லைக்கோடன்று. பொதுப் போட்டிக்குரிய 31 எல்லாருக்கும் உரியது. தகுதியிருப்பின் அதிலேயே இடம் பெறலாம். அன்றியும், சிறுபான்மையினர் நடத்தும் பொறியியல் கல்லூரிகள் தம் இடங்களில் 50 விழுக்காட்டையும், ஏனைய தனியார் கல்லூரிகள் 65 விழுக்காட்டையும் இக்கலந்தாய்வுக்கே அளிக்கின்றன. எஞ்சியவை நிருவாக ஒதுக்கீடு. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதலே உண்டு. இருந்தும் தேர்வு முடிவு வந்த மறுநாளே, எங்கிருந்து நம் எண்ணைப் பெற்றார்களோ, 'சீட்டு வேண்டுமா' என்று தொலைபேசியில் அழைப்போர் குறைந்தாரில்லை.

இளையவள் 2023-ஆம் ஆண்டு மே மாதம் தேர்ச்சி பெற்றாள். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 என்று முறை மாறியிருந்தது. கணக்கு 84, இயற்பியல் 83, வேதியியல் 86. தகுதி மதிப்பெண் 168.5. தமிழில் 93. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தா, நான் தமிழ் இலக்கியம் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். கணக்கும் அறிவியலும் எடுத்துப் படித்த பெண் இப்படிக் கேட்பாள் என்று இல்லத்தார் எதிர்பார்க்கவில்லை. நாம் ஒருவாறு எதிர்பார்த்திருந்தோம். அச்சகத்தில் மிஞ்சும் மெய்ப்புத் தாள்களையெல்லாம் எடுத்துச் சென்று படிப்பவள் அவள். அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்ப் பட்டப் படிப்புக்குத் தமிழ் மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை வகுப்பர் என்பதையும் அவளே சொன்னாள்.

அண்ணன் ஓசூரிலிருந்து தொலைபேசியில், "பொறியியலுக்கும் விண்ணப்பித்து வை, எதற்கும் இருக்கட்டும்" என்றான். நன்னி, "பக்கத்து ஊர்க் கல்லூரியாக இருந்தால் எந்தப் படிப்பும் நல்ல படிப்புத்தான்" என்றார். மாலையில் வந்த ஜமாஅத் பெரியவர் ஒருவர், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "தமிழ் படித்து என்ன செய்யும் பிள்ளை?" என்று மெய்யான கவலையோடு கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பட்டம் முடித்து, பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வெழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளை அவர் தம் தெருவிலேயே கண்டவர். நமக்கும் அக்கவலை உண்டு. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாகிவிட்டது என்று நாம் சொன்னோம். "அது எல்லாருக்கும்தானே கட்டாயம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

ஆக, ஐந்து கலைக் கல்லூரிகளுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பங்கள் சென்றன.

அயல்நாடுகளில் இடமில்லை என்பதைக் கடிதம் எழுதித் தெரிவிப்பார்களாம். நம் நாட்டில் மறுப்புக்குக் கடிதம் இல்லை. தேர்வுப் பட்டியலில் பெயர் இராது, அதுவே மறுப்பு. தகவல் பலகையின் முன் கூட்டத்தை விலக்கி நின்று, மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்க்கிறோம். நம் பிள்ளையின் முதலெழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்று கண்ணில் பட்டு நெஞ்சு துள்ளுகிறது. அது வேறொருவர் பிள்ளை. மாநகரக் கல்லூரி ஒன்றின் பட்டியலை மகள் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியிலேயே பார்த்தாள். பார்த்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டாள். பெயர் இல்லை என்பதை நாம் காலையில்தான் அறிந்தோம். தந்தை அருகில் நின்று கண்ட சுழியத்தைவிட, போர்வைக்குள் தனியே கண்ட இந்த இன்மை பிள்ளையை அதிகம் வாட்டுகிறது என்பது நாம் நேரில் கண்டது. மதிப்பெண்ணை அடுக்கும்போது கோடு எங்கேயோ ஓரிடத்தில் விழத்தான் வேண்டும். கோட்டுக்குக் கீழே நின்றவர் படிக்கத் தகுதியற்றவர் என்று எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை. பிள்ளைதான் அவ்வாறு படித்துக்கொள்கிறது. பெற்றோரும் பல இல்லங்களில் அவ்வாறே படித்துக் காட்டுகின்றனர்.

இம்மலரை வெளியிடும் துறையில் அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் பதினோராவதாக வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது. மேலே இருந்தவர்களில் சிலர் வேறு கல்லூரிகளில் சேர்ந்துவிட்டனராம். ஜூன் மாதம் சேர்ந்தாள். ஆனால் இல்லத்தில் எவரும் அதனைச் சேர்க்கை என்று கருதவில்லை. பொறியியல் கலந்தாய்வு வரும் வரையில் தங்குமிடம் என்றே கருதினர். துணைவியார் உறவினரிடம், "இப்போதைக்குத் தமிழில் இருக்கிறாள்" என்றுதான் சொல்லி வந்தார்.

கலந்தாய்வு இப்போது கிண்டிக்கு அழைப்பதில்லை. 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் ஒன்று தரப்படுகிறது. இருவர் ஒரே தகுதி மதிப்பெண் பெற்றால் முதலில் கணக்கையும், அடுத்து இயற்பியலையும், பின்னர் பிற மதிப்பெண்களையும் ஒப்பிடுவர். அவையும் ஒத்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம். பிறந்த நாளும் ஒன்றாயின் இறுதியில் அந்த எண் முடிவு செய்யும். தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக அழைத்து, விருப்பப் பட்டியலை நிரப்பச் சொல்கிறார்கள். எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் குறிக்கலாம். ஆனால் வரிசைதான் உயிர். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்துவரும். நம் தரவரிசைக்கு முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவிடும். மதிப்பெண் முடிந்துபோன செய்தி. இடஒதுக்கீடு சட்டத்தின் செய்தி. குடும்பத்தின் கையில் எஞ்சியிருப்பது இந்த வரிசை ஒன்றே. அதனாலேயே எல்லாரும் அதில் கைவைக்கின்றனர்.

நம் இல்லத்திலும் அதுதான் நடந்தது. அண்ணனுக்குப் பாடப்பிரிவு பெரிது. தாய்க்குத் தொலைவு பெரிது. மாமாவுக்குக் கல்லூரியின் பெயர் பெரிது. நாம் ஒரு தாளை எடுத்து, கல்லூரிப் பேருந்து நம் ஊர் வழியே வருமா என்று எழுதிக்கொண்டிருந்தோம். மகள் வட்டாரத்திலுள்ள ஆறு கல்லூரிகளை மட்டும், நாங்கள் ஆளுக்கொன்றாகச் சொன்ன வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை கண்டு, எந்த மறுப்புமின்றி நிரப்பினாள். இரண்டாம் சுற்றில் அவள் பட்டியலின் மூன்றாம் கல்லூரியில் மின்னணுத் தொடர்பியல் ஒதுக்கீடாயிற்று. அண்ணன் இனிப்பு வாங்கப் பணம் அனுப்பினான்.

ஒதுக்கீட்டை ஏற்பதா, ஏற்றுக்கொண்டே மேல் வரிசைக்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்று சொல்ல இரண்டு நாள் தவணை. அன்றிரவு அச்சகத்தில் பணி மிகுதி. மகள் உணவு கொண்டுவந்தாள். தாள் கட்டின்மேல் அமர்ந்து, "அத்தா, மறுத்துவிடலாமா?" என்றாள்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. செலவைக் கணக்கிட்டோம். அண்ணன் பட்டதாரியாகிவிட்டமையால் முதல் பட்டதாரிச் சலுகை இவளுக்கு இல்லை. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ஆதலின் 2021-இல் பொறியியலுக்கும் வந்த ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீடும் இல்லை. எனினும் செலவைக் காட்டி அவளை நிறுத்த நாம் விரும்பவில்லை. கடன் வாங்கியேனும் கட்டியிருப்போம். அதனை அவளிடம் சொன்னோம். "மகளே, பணத்துக்காக வேண்டாமென்று சொல்லாதே. நாளை அது உனக்கு வருத்தமாகும்" என்றோம்.

"பணத்துக்காக இல்லை, அத்தா. எனக்கு இங்கே இடம் கிடைத்ததே யாரோ வேண்டாமென்று போனதால்தான். அவர்கள் போக வேண்டுமென்று முன்பே முடிவு செய்திருந்தால், அந்தப் பன்னிரண்டு நாளும் நான் தூங்கியிருப்பேன். இப்போது நான் இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்."

"வேலை?"

"அண்ணனுக்கு வேலை கிடைத்தது. கட்டடம் கட்ட வேண்டும் என்றிருந்தான்."

இதற்கு மேல் நாம் கேட்கவில்லை. துணைவியாரிடம் காலையில் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் நல்ல ஆசிரியையாக வரட்டும், ஊரில் எவரும் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றார். ஊரார் கேட்டார்கள், நாமே பதில் சொல்லி வருகிறோம். பெரியவருடைய கேள்விக்கு இன்றும் முழு விடை நம்மிடம் இல்லை. அவள் விரும்பியதை அவள் படிக்கிறாள் என்பது அரை விடை. எஞ்சிய பாதியை அவள்தான் சொல்ல வேண்டும்.

மறுத்த அந்த இடம் வீணாவதில்லை. மேல் வரிசைக்குக் காத்திருப்போரில் ஒருவருக்கோ, அடுத்த சுற்றில் வருவோருக்கோ சென்றுவிடும். கலந்தாய்வின் ஏற்பாடு அத்தகையது. கலைக் கல்லூரியில் காலியாகும் இருக்கையின் கதை வேறு. ஆகஸ்டு மாதத்தில் மகளின் வகுப்பிலிருந்து நால்வர் விலகினர்: மூவர் பொறியியலுக்கு, ஒருத்தி செவிலியர் படிப்புக்கு. அவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. எந்தப் பெற்றோரும் செய்வதையே அப்பெற்றோரும் செய்தனர். ஆனால் கலை அறிவியல் வகுப்புகள் தொடங்கி வாரங்கள் கடந்த பின்னரே பொறியியல் சுற்றுகள் தொடங்கும்படி நாட்களை வகுத்திருப்பது யாருக்கு நன்மை? மருத்துவச் சேர்க்கையோ 2017 முதல் அகில இந்திய நுழைவுத் தேர்வோடு பிணைந்து, எல்லாவற்றுக்கும் பின்னே வருகிறது. ஒரு பிள்ளை மூன்று வரிசையிலும் நிற்கிறது; மூன்றும் மூன்று மாதங்களில் நகர்கின்றன. பல்கலைக்கழகங்களும் அரசும் ஒன்றாய் அமர்ந்து இந்நாட்களை நெருக்கமாக வைப்பின், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பிடித்து வைக்கும் இடங்கள் ஜூன் மாதமே உரியவரைச் சென்றடையும். ஆசிரியப் பெருமக்கள் கல்விக் குழுக்களில் இதனை எடுத்துரைக்க வேண்டுகிறோம்.

காத்திருப்போர் பட்டியலில் பன்னிரண்டாவதாய் நின்ற பெண்ணை நாம் அறிவோம். அவள் தந்தை நம் அச்சகத்துக்குத் தாள் ஏற்றி வரும் வண்டியோட்டி. அந்நால்வர் விலகியதும் ஆகஸ்டு இறுதியில் அவளுக்கு அழைப்பு வந்தது. அதற்குள் அவர் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியலுக்குப் பணம் கட்டிவிட்டார். மாற்றுச் சான்றிதழும் அங்கேயே இருந்தது. கட்டிய பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றார்கள். மீண்டும் ஒருமுறை கட்டுவதற்கு அவரிடம் இல்லை. அவ்வாண்டு அந்த நான்கு இருக்கைகளும் நிரம்பவில்லை என்று மகள் சொன்னாள். வணிகவியலாருக்கும் பகுதி ஒன்று தமிழ் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பெண் தன் தந்தையின் வண்டியிலேயே நம் இல்லத்துக்கு வந்து, மகளின் இலக்கண நூல்களை வாங்கிச் செல்கிறாள்.